புனிதாவின் எஞ்சினுக்குச் சத்தம் வேண்டும்

அத்தியாயம் 6

பை கட்டி வைக்கச் சொன்ன நாளில்தான் புனிதா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினாள்.

சனிக்கிழமை, காலை ஒன்பது மணி. ஈப்போவில், சிலிபின் பகுதியில் இருந்த வீட்டின் ஹாலில் பெரிய நீலப் பை ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. புனிதாவின் கணவர் கனகராஜ் எழுந்ததும் முதல் வேலையாக அலமாரி மேலிருந்து அதை இறக்கி, தூசி தட்டி வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குள் மகன் தர்மேந்திரன் தஞ்சோங் மாலிமிலிருந்து காடியில், அதாவது காரில், வந்துவிடுவான். அம்மாவை ஏற்றிக்கொண்டு போவான். பேத்தியைப் பார்த்துக்கொள்ள.

எத்தனை நாளைக்கு? 'பாப்பா ஸ்கூலுக்குப் போற வரைக்கும்' என்றான். பாப்பாவுக்கு இப்போது ஒன்றரை வயது.

வியாழக்கிழமை போனில் அவன் சொன்னது அவ்வளவுதான். "மா, பாப்பாவ ஜாகா பண்ற, பாத்துக்கிற அக்கா வேலய விட்டு நின்னுட்டாங்க. சனிக்கெழம வாரேன். ரெடியா இருங்க." அவன் கேட்கவில்லை, அறிவித்தான். புனிதாவும் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாள். பேசாமல் இருந்தால் சம்மதம் என்பது அந்த வீட்டில் முப்பத்து நாலு வருஷமாக நடப்பில் இருக்கும் சட்டம்.

"எங்க கெளம்பிட்ட?" என்றார் கனகராஜ், பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

"டவுனுக்கு."

"அவன் வர்ற நேரம். பை?"

"அது எங்கயும் ஓடிடாது."

துண்டில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பொட்டலத்துக்குள் இருந்தது ஒரு ரயில் எஞ்சின். ஒரு சாண் நீளம், நீல நிறம், டீசல்.

ஜனவரியில் புனிதாவுக்கு அறுபது முடிந்தது. எலெக்ட்ரானிக் பாக்டரியில் நாற்பது வருஷம். ஒரு கடிகாரமும் ஒரு கேக்கும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அடுத்த வாரமே அவள் ஏணி போட்டு, பரணில் கிடந்த அட்டைப்பெட்டியை இறக்கினாள். உள்ளே இரண்டு எஞ்சின், ஒன்பது சரக்குப் பெட்டி, துருப்பிடித்த தண்டவாளம். கல்யாணத்துக்கு முன்பு, இருபத்து நாலு வயதில், போனஸ் பணத்தில் அவள் தனக்கென்று வாங்கியது.

ஏன் ரயில் என்று யாரும் அவளைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தை ஒட்டித்தான் தண்டவாளம் போனது. தினமும் ஆறு ரயில். ஒன்றுகூட அங்கே நிற்காது. தான் நில் என்றால் நிற்கிற, போ என்றால் போகிற ரயில் ஒன்று வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். அவ்வளவுதான்.

தர்மேந்திரன் தவழ ஆரம்பித்தபோது, எதையாவது எடுத்து வாயில் போட்டுவிடுவான் என்று பெட்டியில் போட்டுக் கட்டினாள். யாரும் பிடுங்கி வைக்கவில்லை. அவளே கட்டினாள். திரும்பவும் அவிழ்க்கச் சொல்லத்தான் முப்பத்திரண்டு வருஷமாக ஓர் ஆள் இல்லை.

இப்போது பின்னறையில் எட்டுக்கு நாலடிப் பலகை. அதன்மேல் புதுத் தண்டவாளம். ஏழு வருஷமாகப் பூட்டிக் கிடந்த மகனின் அறை அது. மகனுக்கு இந்த விஷயம் இன்னும் தெரியாது.

*

ஜுபைரின் கடை பழைய டவுனில், அவன் அண்ணன் ஹுசைன் நடத்தும் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. படியேறும்போதே மீன் தலைக்கறி வாசனை கூடவே வரும். ரிமோட் காடிகளும் விமானங்களும் மூன்று சுவரைப் பிடித்துக்கொள்ள, ரயிலுக்கு மிச்சம் ஒரு சுவர்.

"வாங்கக்கா! அன்னிக்குப் பேரனுக்குத் தண்டவாளம் வாங்கிட்டுப் போனீங்களே, பிடிச்சிருந்துச்சா?"

"பேரன் இல்ல தம்பி, பேத்தி. தண்டவாளம் அவளுக்கும் இல்ல. எனக்கு."

ஜுபைர் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

புனிதா துண்டைப் பிரித்து எஞ்சினைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். "இத டிஜிட்டலா மாத்தணும். சவுண்டும் வேணும்."

"அக்கா, இது ரொம்பப் பழசு. உள்ள சொருகுற பின் எல்லாம் இருக்காது. இதுக்குப் புதுசாவே ஒரு செட் வாங்கிடலாம். பட்டன அமுக்கினாப் போதும், ஓடும். உங்களுக்கு சுசா இல்ல, ஒரு சிரமமும் இல்ல." சிவப்பு வண்ணப் பெட்டி ஒன்றை எடுத்து முன்னால் தள்ளினான். அட்டையில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

புனிதா அந்தப் பெட்டியை அவன் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"மோட்டார் சுத்தாமக் கையால பிடிச்சு நிறுத்தி அளந்தேன். முக்கால் ஆம்பியர்தான் இழுக்குது. ஒரு ஆம்பியர் டிகோடர் தாங்கும். மோட்டாரோட ஒரு முனை சட்டத்தத் தொட்டுக்கிட்டிருக்கு, அதப் பிரிச்சுத் தனியாக்கணும். இல்லாட்டி கரண்டு குடுத்த நிமிஷமே டிகோடர் கருகிடும். தெரியும். நீங்க சாமானக் காட்டுங்க."

ஜுபைர் உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து எழுந்தான்.

"எங்க வேலை செஞ்சீங்கக்கா?"

"பாக்டரில. பத்து வருஷம் லைன்ல சால்டரிங். முப்பது வருஷம் ரீவர்க் மேசை. மத்தவங்க செஞ்ச தப்பத் தேடித் திருத்துறது."

அதற்குப் பிறகு அவன் பேச்சே மாறிவிட்டது. இரண்டு பேரும் வேலைக்காரர்களைப் போலப் பேசினார்கள்.

பழைய முறையில் தண்டவாளத்தில் கரண்டைக் கூட்டினால், அதன்மேல் நிற்கிற எல்லா எஞ்சினும் ஒன்றாகக் கிளம்பிவிடும். டிஜிட்டல் அப்படி இல்லை. ஒவ்வொரு எஞ்சின் வயிற்றிலும் நகம் அளவுக்கு ஒரு பலகை, அதுதான் டிகோடர். அதற்கென்று ஒரு எண் உண்டு. கையில் இருக்கும் கண்ட்ரோலரில் அந்த எண்ணைக் கூப்பிட்டால் அந்த எஞ்சின் மட்டும் அசையும். மற்றது கூப்பிடும்வரை நின்ற இடத்தில் நிற்கும்.

"கண்ட்ரோலர் மூணு வகை இருக்குக்கா." ஜுபைர் மூன்றையும் வரிசையாக வைத்தான். "இது சின்னது, பட்டன் மட்டும். எஞ்சின் நம்பர் ஒன்பது வரைக்கும்தான், பின்னால பெருசாக்க முடியாது. இது நடுவுல உள்ளது, திருகு வச்சது, மூணு ஆம்பியர், சவுண்டு எஞ்சின் நாலஞ்சு தாராளமா ஓடும். இதுக்குக் கண்ட்ரோலரே கெடையாது. உங்க போன்லயே ஓட்டிக்கலாம். இப்பல்லாம் எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க."

அந்த நேரம் பார்த்துக் கைப்பைக்குள் போன் அடித்தது. தர்மேந்திரன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"போன் வேணாம்" என்றாள் புனிதா. "போன்னா ஆள் ஆளுக்குக் கூப்பிடுவாங்க. நா ரயில் ஓட்டுறப்ப ரயில் மட்டும்தான் ஓட்டணும்."

திருகு வைத்ததைக் கையில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் திருகைத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் போட்டதுபோல வழுவழுவென்று திரும்பியது. பார்வையை எஞ்சின்மேல் வைத்துக்கொண்டே விரலால் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

"இது."

"சரிக்கா. டிகோடருக்கு ஒரு யோசனை சொல்றேன். சத்தம் இல்லாதத போட்டுக்குங்க. சவுண்டு போட்டா மொத ரெண்டு நாள் நல்லாருக்கும். அப்புறம் வீட்டுல உள்ளவங்க ஏசுவாங்க. முக்காவாசிப் பேரு சத்தத்தக் கொறச்சுக் குடுன்னு திரும்பி வாராங்க."

புனிதா கண்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

கனகராஜ் எக்ஸ்பிரஸ் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷம் ராத்திரி ஓட்டம், ஈப்போவிலிருந்து சிங்கப்பூர். பகலெல்லாம் தூங்குவார். தூங்காமல் ஓட்டினால் நாற்பது உயிர். அது புனிதாவுக்கும் தெரியும். அதனால் அந்த வீட்டில் பகலில் மிக்சி ஓடியதில்லை, ரேடியோ பாடியதில்லை. குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு ஓட வேண்டும். குழம்புக் கரண்டி சட்டியில் பட்டுச் சத்தம் வந்தால், உள்ளறையிலிருந்து 'மெதுவா' என்று ஒரு குரல் வரும். அவர் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிவிட்டது. இப்போது ராத்திரியில்தான் தூங்குகிறார். 'மெதுவா' மட்டும் அவரோடு ஓய்வு பெறவில்லை.

"சத்தம்தான் தம்பி வேணும்" என்றாள். "சத்தம் இல்லாட்டி எனக்கு எதுவுமே வேணாம்."

ஜுபைர் சோதனைப் பலகையை எடுத்து வைத்து, சின்னச் சர்க்கரைக் கட்டி போன்ற ஸ்பீக்கரை மாட்டினான். டீசல் எஞ்சின் உறுமியது. தகரடப்பாவுக்குள் வண்டு புகுந்ததுபோல் இருந்தது.

"பெரிய ஸ்பீக்கர் இல்லையா?"

"இருக்கு. ஆனா உங்க எஞ்சின் உள்ள எடமில்லக்கா. ஈயக்கட்டி அடைச்சிருக்கு."

"பின்னால உள்ள கட்டிய ராவி எடுத்துடுறேன். கனம் கொஞ்சம் கொறையும், பரவால்ல. பெருச மாட்டுங்க."

பெரியதை மாட்டியதும் மேசைக் கண்ணாடியே அதிர்ந்தது. ஹார்ன் மட்டும் சரியில்லை. ஏதோ சினிமாவில் வரும் வெளிநாட்டு ரயில்போல ஐந்து சுருதியில் அலறியது.

"இது நம்ம ஊரு ஹார்ன் இல்ல."

"டிகோடருக்குள்ள இருபது ஹார்ன் இருக்கு. நம்பர மாத்திக்கிட்டே போறேன், நீங்க சொல்லுங்க."

இரண்டு, மூன்று, நாலு. புனிதா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஏழாவது கொஞ்சம் பக்கத்தில் வந்தது. பதினொன்றாவது அடித்தபோது அவள் கை தானாக மேசையைப் பிடித்துக்கொண்டது. அடித்தொண்டையிலிருந்து வரும் இரட்டைக் குரல். சிலிபின் பக்கம் சிமெண்ட் ரயில் வரும்போது, பாக்டரிக்குப் போகும் விடிகாலையில் ரயில்வே கேட்டில் நின்று அவள் கேட்ட அதே கனம்.

"இன்னொரு தடவ."

ஜுபைர் சத்தத்தைக் கூட்டி அடித்தான். கீழே சாப்பாட்டுக் கடையில் தட்டுச் சத்தம் சட்டென்று நின்றது. "டேய் ஜுபைரு, கஸ்டமர் பயப்படுறாங்கடா!" என்று ஹுசைன் படிக்கட்டடியில் நின்று கத்தினான்.

புனிதா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "இதான்."

"எஞ்சின விட்டுட்டுப் போங்கக்கா. ரெண்டு வாரத்துல நானே பசாங் பண்ணி, எல்லாத்தையும் மாட்டித் தாரேன்."

"நீங்க எதுக்கு? நா பண்ணிக்குவேன்."

*

வீட்டு வாசலில் தர்மேந்திரனின் காடி நின்றது. ஹாலில் நீலப் பை ஜிப் போட்டு உப்பிப் போயிருந்தது. கனகராஜ் தாமே மனைவியின் துணியை அடுக்கிவிட்டார்! ஜிப்பின் ஓரத்தில் பட்டுச்சேலையின் சரிகை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பிள்ளை வளர்க்கப் போகிறவளுக்கு எந்தத் துணி வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

தர்மேந்திரன் பின்னறை வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றான். முப்பத்து மூன்று வயது, காடி பாக்டரியில் சூப்பர்வைசர். அங்கே நிற்கிற மாதிரியே இங்கேயும் நின்றான்.

"என்ன மா இது? என் ரூம்ல?"

"ரயிலு."

"அதான் தெரியுதே. என் கட்டில் எங்க?"

"பின்னால ஷெட்டுல. ஏழு வருஷத்துல நீ அதுல எத்தன நாள் படுத்த?"

அவன் பேச்சை மாற்றினான். "எத்தன தடவ போன் அடிச்சேன்? வாங்க, சாப்பிட்டுக் கெளம்பலாம். விமலா திங்கக்கெழம வேலைக்குப் போகணும்."

விமலா அவன் மனைவி. பல்கலைக்கழக அலுவலகத்தில் வேலை.

புனிதா கைப்பையை மேசைமேல் வைத்தாள். சத்தம் போடாமல், தெளிவாகச் சொன்னாள்.

"நா வரல தர்மா."

கனகராஜ் பேப்பரை இறக்கினார்.

"வரலன்னா? இன்னிக்கா?"

"இன்னிக்கும் வரல. அடுத்த வாரமும் வரல. பாப்பாவப் பாக்க வருவேன், ரெண்டு நாள் இருப்பேன், திரும்பிடுவேன். அங்கயே தங்கமாட்டேன்."

தர்மேந்திரனுக்கு முகம் சிவந்தது. "பாப்பாவ விட இந்தப் பொம்ம ரயிலு பெருசாப் போச்சா?"

அந்தக் கேள்வி குத்தும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு ராத்திரியாக அதே கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். பாப்பாவின் கழுத்து மடிப்பில் வரும் பவுடர் வாசனை இப்போதும் மூக்கில் நின்றது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"பெருசு சின்னதுன்னு நா தராசு வைக்கல. ஒன்னயும் ஒன் தங்கச்சியையும் வேலைக்குப் போய்க்கிட்டே வளத்தேன். யாரும் வந்து தங்கி வளத்துக் குடுக்கல. நா யாரையும் குத்தமும் சொல்லல. இது ஒம் புள்ள. வளக்குறதுக்கு வழிய நீயும் விமலாவும் பாருங்க. எனக்கு அறுபது வயசாச்சு. நாளைக்கு நா என்ன பண்ணணும்னு இனிமே நாந்தான் சொல்லுவேன்."

"ஊருல எல்லா அம்மாவும்…"

"ஊருக்கு என்னத் தெரியாது."

அவள் பின்னறைக்குள் போய்க் கதவைத் திறந்தே வைத்து, சால்டரிங் அயர்னைச் சுவிட்ச் போட்டாள்.

*

கண்ணாடிமேல் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை. சின்ன மோட்டார், இரண்டு கம்பி, ஒரு துளி ஈயம். புகை மேலே எழுந்து அந்த வாசனை வந்ததும் கோபம் தானாக அடங்கியது. நாற்பது வருஷம் பழகிய கைக்கு வேலை தெரியும்.

சிவப்பும் கருப்பும் தண்டவாளத்திலிருந்து கரண்டை எடுக்கும் சக்கரங்களுக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளையும் மஞ்சளும் முன்பின் விளக்குகளுக்கு. ஊதா ஸ்பீக்கருக்கு. ஈயக்கட்டியை வைஸில் பிடித்து அரத்தால் ராவினாள். கர்ர் கர்ர் என்று வீடு முழுக்கக் கேட்டது.

"மெதுவா" என்றது ஹாலிலிருந்து ஒரு குரல்.

புனிதா இன்னும் அழுத்தி ராவினாள்.

மோட்டாருக்கும் சட்டத்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்த்தாள். தொடர்பு இல்லை. நல்லது. மேல்கூட்டை மாட்டி இரண்டு திருகாணியையும் முடுக்கினாள். தனியாக ஒரு துண்டுத் தண்டவாளம் வைத்திருந்தாள். எஞ்சினுக்கு எண் கொடுப்பதற்கென்றே கொஞ்சம் கரண்டு மட்டும் வருவது. அதில் எஞ்சினை நிறுத்தி, கண்ட்ரோலரில் பட்டனை அமுக்கினாள்.

திரையில் 'எரர்' என்று வந்தது.

மறுபடி அமுக்கினாள். எரர்.

தர்மேந்திரன் எப்போது வந்து வாசலில் நின்றான் என்று தெரியவில்லை. கோபம் வடிந்த குரலில்தான் சொன்னான், அதுதான் இன்னும் வலித்தது. "பழசு மா. விடுங்க. வேணும்னா பாப்பா பெருசானதும் புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம்."

புனிதா எஞ்சினைக் கையில் எடுத்தாள். திருகாணியைக் கழற்றி, கூட்டைத் தூக்கி, மீட்டர் வைத்தாள். தொடர்பு இல்லை. கூட்டை மூடினாள், முடுக்கினாள், சக்கரத்தின் வழியாக மறுபடி அளந்தாள். மீட்டர் கத்தியது, தொடர்பு இருக்கிறது.

"திறந்தா சரி. மூடினா தப்பு" என்று முணுமுணுத்தாள்.

இந்த மாதிரித் தப்பு ரீவர்க் மேசைக்கு நூறு வந்திருக்கிறது. பலகையில் கோளாறு இருக்காது, மூடுகிற இடத்தில் இருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தாள். பின்பக்கத் திருகாணி முழுசாக இறங்கும்போது, மோட்டாரின் பித்தளைத் தகட்டை ஒரு மயிரிழை தள்ளிச் சட்டத்தில் ஒட்டவைத்தது. கரண்டு குறைவான தண்டவாளத்தில் வைத்ததால் டிகோடர் பிழைத்தது. நேராகப் பெரிய தண்டவாளத்தில் வைத்திருந்தால் இந்நேரம் கரிக்கட்டை.

சூடு தாங்கும் மஞ்சள் டேப்பில் ஒரு துணுக்கு நறுக்கினாள். இடுக்கியால் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே சொருகினாள். மூடினாள். அளந்தாள். மீட்டர் மௌனம்.

பட்டனை அமுக்கினாள். திரை ஒரு நொடி யோசித்தது. எஞ்சினின் எண் 3 என்று காட்டியது.

எஞ்சினைப் பெரிய தண்டவாளத்தில் வைத்தாள். சத்தத்தை முழுசாகக் கூட்டினாள். முதலில் ஒரு இருமல். பிறகு ஒவ்வொரு சிலிண்டராகப் பற்றிக்கொள்வதுபோல் டக், டக், டக், டகடகடக. எஞ்சின் நின்ற இடத்தில் நின்று உறுமியது. பலகை அதிர்ந்தது. அவள் திருகை மெல்லத் திருப்பினாள். முப்பத்திரண்டு வருஷம் பரணில் கிடந்த எஞ்சின் ஒரு எறும்பு வேகத்தில் நகர்ந்தது. வளைவு திரும்பியது. புனிதா ஹார்னை அமுக்கினாள்.

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. கனகராஜ் ஓடிவந்தார்.

"என்ன சத்தம் இது! மெதுவாக் கொற, புனிதா!"

அவள் மறுபடியும் அமுக்கினாள். நீளமாக.

"இருபத்தாறு வருஷம் கொறச்சேன்" என்றாள். "நீங்க தூங்கணும்னு கொறச்சேன். அது நியாயம். இப்ப நீங்க முழிச்சிட்டுத்தான இருக்கீங்க?"

கனகராஜ் வாசற்படியிலேயே நின்றார். எஞ்சின் அவரைக் கண்டுகொள்ளாமல் சுற்றி வந்தது.

"அப்ப பாப்பா?" என்றான் தர்மேந்திரன். "திங்கக்கெழம யாரு பாக்குறது?"

புனிதா எஞ்சினை நிறுத்தினாள். நில் என்றதும் நின்றது. எழுந்து ஹாலுக்குப் போனாள். நீலப் பையின் ஜிப்பை இழுத்து, பட்டுச்சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோபாமேல் போட்டாள். பிறகு கனகராஜின் அலமாரியைத் திறந்தாள். நாலு கைலி, ஆறு சட்டை, பிரஷர் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் பைக்குள் வைத்தாள்.

"என்னாத்துக்கு என் கைலி?"

"தாத்தா இருக்காருல்ல. ரெண்டு வருஷமா வீட்டுலதான இருக்காரு."

தர்மேந்திரன் சிரித்துவிட்டான். "அப்பாவா? அப்பா பாப்பாவ ஜாகா பண்ணுவாரா?"

"பால்கூட கலக்கத் தெரியாதுலா எனக்கு" என்றார் கனகராஜ்.

"டப்பாவுல எழுதியிருக்கு."

"அழுதா?"

"நாப்பது பேர ராத்திரி பூரா சிங்கப்பூர் வரைக்கும் கொண்டுபோய் விட்ட ஆளு. ஒரு புள்ளையத் தூக்கி வச்சுக்க முடியாதா?"

தர்மேந்திரன் இன்னும் சிரித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சிரிப்புதான் வேலை செய்தது. கனகராஜ் மகனை முறைத்தார்.

"எதுக்குடா பல்லக் காட்டுற? ஏன், என்னால முடியாதா?"

"இல்லப்பா, சும்மா…"

"நாலே மாசத்துல ஒன்னத் தோள்ல போட்டுத் தூங்க வச்சவன்டா நான்." அது அப்படியே உண்மை இல்லை. மாசத்துக்கு ஒரு லீவு நாளில் நடந்தது. புனிதா அதைத் திருத்தவில்லை. கனகராஜ் பையைத் தானே தூக்கிப் பார்த்தார். "கெளம்பு. போற வழில பாம்பர்ஸ் வாங்கணும்னா இப்பவே சொல்லு."

ஐந்து மணிக்குக் காடி கிளம்பியது. தர்மேந்திரன் அம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் ஏறினான். கனகராஜ் மட்டும் கண்ணாடியை இறக்கி, "சோத்த எப்பிடிக் கொழைக்கிறதுன்னு ராத்திரி போன் பண்றேன்" என்றார். புனிதா தலையசைத்தாள். மகனின் முதுகைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. கண்ட்ரோலரைக் கையில் எடுத்தபோது போன் அடித்தது.

விமலா.

"அத்தே, அவரு கெளம்பிட்டாரா?"

"இப்பத்தாம்மா. மாமாதான் கூட வாராரு. நா வரல. ஒனக்குக் கோவமா?"

விமலாவின் பக்கம் ஆள் சத்தமாக இருந்தது. பின்னால் ஒலிபெருக்கியில் யாரோ மலாய் மொழியில் அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"கோவம் இல்லத்தே. நீங்க வராததுதான் நல்லது. பாப்பாவப் பாக்குற அக்கா வேலய விட்டு நிக்கவே இல்ல. நேத்துகூட வந்தாங்க."

புனிதா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப அவன் எதுக்கு என்னக் கூப்பிட்டான்?"

"போன்ல சொல்ல முடியாது." விமலாவின் குரல் நடுங்கவில்லை. அழுது முடித்தவர்களின் குரல் அது. "நா தஞ்சோங் மாலிம் ஸ்டேஷன்ல இருக்கேன். பாப்பா மடியில இருக்கா. ஈப்போவுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். ரயிலு இன்னும் பத்து நிமிஷத்துல வந்துரும்."

"தர்மாவுக்குத் தெரியுமா?"

"வீட்டுக் கதவத் தொறந்தாத் தெரியும்."

நெடுஞ்சாலையில் தெற்கே போய்க்கொண்டிருக்கும் காடியையும், அதில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கனகராஜையும் புனிதா நினைத்துப் பார்த்தாள். மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த டோலில் திரும்பிவிடுவான். தாய் செய்யவேண்டியது அதுதான் என்று ஊர் சொல்லும்.

"அத்தே? வரவா, வேணாமா?"

"மொதல்ல வண்டில ஏறு" என்றாள் புனிதா. "நா ஈப்போ ஸ்டேஷன்ல நிக்கிறேன்."